பலூனுக்கு அட்டை இருக்கிறது, ஊசிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 29 உலக இதய நாளை ஒட்டி உங்கள் பத்திரிகை போட்ட நாலு பக்க இணைப்பைப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். தொப்பை, சிகரெட், எண்ணெய்ப் பலகாரம், காலை நடை, சர்க்கரை, பிரஷர் எல்லாம் வந்திருந்தது. படம் மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி: சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி இருக்கும் ஓர் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்காரி வாங்கிப் புரட்டிவிட்டு, "எனக்கு வந்தது இதுல எங்கயுமே காணோமேங்க" என்றாள். அவளுக்கு வயது 51, எடை 46 கிலோ. பலகாரம் சுட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அவள் வாயில் படாது. அவளுடைய இதயத்தை இரண்டு தடவை பலூன் விட்டுத் திறந்திருக்கிறார்கள். அது கெட்டது பதினோரு வயதில், ஒரு தொண்டை வலியில் தொடங்கிய ருமாட்டிக் காய்ச்சலில்.

நான் டாக்டர் இல்லை. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வியாபாரி கொடுக்கும் வெள்ளியைக் கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துத் திருப்பிக் கொடுக்கும் கூலி வேலை, 38 வருஷமாக. இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் கேட்டது. கேட்டதை அவ்வப்போது பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் பிறந்தது சேர்வராயன் மலையில், ஒரு காப்பி எஸ்டேட் லைன் வீட்டில். லைன் வீடு என்றால் ஓர் அறையும் முன்னால் ஒரு திண்ணையும். அந்த அறைக்குள் ஏழு பேர். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புப் புகையையும் ஒருத்தர் விட்ட மூச்சையும் இன்னொருத்தர் இழுத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒரு பிள்ளைக்குத் தொண்டை கட்டினால் ஒரு வாரத்தில் அந்த வரிசை முழுக்கக் கட்டும். 1985-ல் இவளுக்கும் கட்டியது. மிளகுப்பால் கொடுத்தார்கள். மிளகுக்கா பஞ்சம், எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடிதான். மூன்று நாளில் வலி போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கியது. முட்டி வாடினால் கணுக்கால், கணுக்கால் வாடினால் முழங்கை. வீக்கம் இப்படி ஆள் மாற்றி ஆள் போல இடம் மாறிக்கொண்டே இருந்ததால் காத்து, கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். நொச்சி இலை ஒத்தடமும் நடந்தது. அதற்குப் பிறகு கை தானாகத் துள்ள ஆரம்பித்திருக்கிறது. சிலேட்டில் எழுத்துக் கோணிக்கொண்டு போனதற்கு வாத்தியார் முட்டியிலேயே பிரம்பால் போட்டாராம். அதுவும் இந்த நோயின் அடையாளம்தான் என்று 11 வருஷம் கழித்து டாக்டர் சொன்னபோது, "அந்த வாத்தியார் இப்ப உயிரோட இருக்காரான்னு பாருங்க" என்றாள்.

டாக்டர் எனக்குச் சொன்ன விளக்கம் இது. தொண்டையில் சீழ் வைக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றொரு கிருமி உண்டு. அதை அடிக்க உடம்பு படை திரட்டுகிறது. சில பிள்ளைகளின் உடம்பில் அந்தப் படைக்கு ஆள் அடையாளம் தப்பிவிடுகிறது. கிருமி செத்த பிறகும் மூட்டையும் இதய வால்வையும் அதே கிருமி என்று நினைத்து அடிக்கிறது. அஞ்சு வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்களுக்குள் ஒரு பழைய சொல் இருக்கிறதாம். மூட்டு ஒரு மாதத்தில் சரியாகிவிடும், தழும்புகூட இருக்காது. இதயத்தில் பட்ட கடி தெரிய பத்து வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

இவளுக்கு அப்போது பெனிசிலின் ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், 21 நாளுக்கு ஒருமுறை என்று. எட்டு மாதம் போட்டார்கள். பிறகு காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்க மாமியாரால் முடியவில்லை. முட்டிதான் நன்றாக இருக்கிறதே, எதற்கு ஊசி என்று விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

1994-ல் கல்யாணம். 1996-ல் தலைப்பிள்ளை உண்டானாள். நாலாவது மாதத்திலிருந்து மூச்சு இரைப்பு. பட்டறைக்கு ஏற ஒன்பது படி, அதில் இரண்டு இடத்தில் நின்றுதான் வருவாள். தலைப்பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றது ஊர். அஞ்சாவது மாதம் படுக்க முடியவில்லை. படுத்தால் தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி இருக்கிறது என்று எழுந்து, சுவரில் தலையணையை நிறுத்திச் சாய்ந்து உட்கார்ந்தே ராத்திரியைக் கழிப்பாள். ஒருநாள் விடியற்காலை இருமினபோது எச்சிலில் சிவப்பு.

சேலத்தில் பார்த்த டாக்டர் வயசானவர், அவசரப்படாதவர். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை மார்புக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு குழாயைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். லப், டப் என்பது எனக்கும் கேட்டது. டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவில் ஒரு உருட்டல். மரப்பாலத்தின் மேல் மாட்டுவண்டி போனால் தூரத்திலிருந்து கேட்குமே, அந்த மாதிரி. "இது வால்வு சுருங்கின சத்தம்பா, பிள்ளை கலைஞ்சுடும்னு பயப்படறியே, அம்மாவைக் காப்பாத்தற வேலையப் பாரு" என்றார். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி கூடும், நாடியும் வேகமாகும். அதுவரை சுருங்கின வாசலில் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்த இதயம் அப்போதுதான் மாட்டிக்கொள்ளும் என்று அவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. நம் பக்கத்தில் நிறையப் பெண்களுக்கு இந்த நோய் இருப்பதே வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான் தெரிகிறதாம்.

தீபாவளிச் சரக்கை முடித்த கையோடு, வியாபாரியிடம் கூலிப்பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போனோம். இதயத்தை ஸ்கேன் மாதிரி படம் பிடிக்கிற எக்கோ பார்த்தார்கள். மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் இரட்டைக் கதவு. அதன் வாசல் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இவளுக்கு 0.8. எனக்குச் சதுர சென்டிமீட்டர் பழக்கமில்லை, வெளியே வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். வட்டமாக வைத்தால் குறுக்கே ஒரு சென்டிமீட்டர். கொலுசில் வைக்கிற சலங்கை அளவு. ஓர் ஆளுக்கு வேண்டிய ரத்தம் மொத்தமும் அந்த ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும். இவளுக்கோ இரண்டு உயிர்.

ஏன் சுருங்குகிறது என்று சென்னை டாக்டர் படம் போட்டுக் காட்டியபோது பட்டறைக்காரனுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு கதவின் ஓரங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெங்காரம் தடவிப் பொடி வைத்து ஊதினால் இரண்டு கண்ணி ஒட்டுமே, அதேதான். ஊதினது ருமாட்டிக் காய்ச்சல். நடுவில் மீன் வாய் மாதிரி ஒரு பிளவு மட்டும் மிச்சம்.

பற்றவைத்ததைப் பிரிக்க வேண்டுமென்றால் பற்று இருக்கும் இடத்தில்தான் விரிசல் விடவேண்டும், கம்பி உடையக்கூடாது. பலூன் செய்கிற வேலையும் அதுதான் என்றார். கதவு மெல்லியதாக, அசைகிறதாக இருந்தால் ஒட்டின ஓரத்தில் சுத்தமாகப் பிரியும். தடித்து, சுண்ணாம்பு ஏறிப் போயிருந்தால் பற்றில் பிரியாமல் கதவே கிழியும். கிழிந்தால் ரத்தம் பின்னால் ஒழுகும், அப்புறம் நெஞ்சைத் திறந்து வால்வையே மாற்ற வேண்டியதுதான். அதனால் முன்கூட்டியே எக்கோவில் கதவின் அசைவு, தடிமன், சுண்ணாம்பு, கீழே தாங்குகிற நரம்புகளின் நிலை நாலுக்கும் தலைக்கு நாலு வரை மார்க் போடுவார்கள். மொத்தம் 16. இதில் மார்க் குறைந்தால்தான் பாஸ். எட்டுக்குள் இருந்தால் பலூனுக்குத் தோது. இவள் ஏழு.

என் சின்னம்மா ஒருத்திக்கு இடது மார்புக்குக் கீழே முதுகு வரைக்கும் ஒரு நீளத் தழும்பு உண்டு. வேலூரில் செய்தது. விலா எலும்புக்கு நடுவில் திறந்து, துடிக்கிற இதயத்துக்குள் விரலையும் ஒரு கருவியையும் விட்டு ஒட்டினதைப் பிரித்துவிடுவார்களாம். வேலூர் சி.எம்.சி.யில் மட்டும் 3,724 பேருக்கு அப்படிச் செய்த கணக்கை 1983-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம், 1982-ல், ஜப்பானில் கான்ஜி இனோவே என்ற இதய அறுவை டாக்டர் கத்தியை வைத்துவிட்டு, தான் வடிவமைத்த ஒரு பலூனைத் தொடை ரத்தக்குழாய் வழியாக விட்டுத் திறந்து காட்டிவிட்டார். எனக்கு அப்போதும் சந்தேகம்தான், கத்தி போட்டால் உறுதியாக இருக்குமே என்று கேட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1994-ல், ஹைதராபாத் நிஜாம் ஆஸ்பத்திரியில் 60 பேரை இரண்டாகப் பிரித்து 30 பேருக்குப் பலூன், 30 பேருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்று செய்து மூன்று வருஷம் பார்த்த முடிவு வந்திருக்கிறது, பலூன் ஆட்களுக்கு வாசல் இன்னும் அகலமாகவே நின்றிருக்கிறது என்றார். கையெழுத்துப் போட்டேன்.

வயிற்றுக்கு முன்னாலும் பின்னாலும் ஈயத் தகடு வைத்த அங்கியைக் கட்டித்தான் உள்ளே கொண்டுபோனார்கள், எக்ஸ்ரே பிள்ளை மேல் படாமல் இருக்க. மயக்க மருந்து இல்லை. வலது தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. முடிந்தபிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு எக்ஸ்ரே படத்தை ஓட்டிக் காட்டினார். தொடையிலிருந்து வந்த குழாய் இதயத்தின் வலது அறைக்குள் நுழைகிறது. அங்கே நடுச்சுவரில் மெல்லிசாக ஓர் இடம் உண்டாம், ஊசியால் துளைத்து இடது அறைக்குப் போகிறார்கள். பலூன் வால்வைத் தாண்டிக் கீழே இறங்கியதும் முன்பாதி மட்டும் உப்புகிறது. அதைப் பின்னால் இழுத்துக் கதவில் முட்டவைக்கிறார்கள். பிறகு பின்பாதி உப்புகிறது. இப்போது பார்த்தால் அப்படியே உடுக்கை. அந்த இடுப்பு இருக்கிற இடம்தான் சுருங்கின வால்வு. உள்ளே போவது காற்று இல்லை, சாயம் கலந்த தண்ணீர். கடைசியாக அந்த இடுப்பு 'பட்'டென்று விரிகிறது, சில நொடிதான், உடனே சுருக்கிவிடுகிறார்கள். படத்தில் சத்தம் கிடையாது, எனக்குத்தான் கேட்டது. பலூன் அளவு 26 மில்லிமீட்டர். உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்துப் பத்தால் வகுத்து, பத்தைக் கூட்டினால் வரும் கணக்கு, இவள் 160. ஊருக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்த இரண்டு ரூபாய்க் காசை வெர்னியரில் வைத்துப் பார்த்தேன், அந்தக் காலத்துப் பட்டை வைத்த காசு. அதுவும் 26.

0.8 ஆக இருந்த வாசல் 1.8 ஆனது. அன்றைக்கு ராத்திரி வார்டில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். இரண்டு மாதமாக உட்கார்ந்தே கிடந்தவள். பக்கத்துக் கட்டில் அம்மா குறட்டைச் சத்தத்துக்கு நர்ஸிடம் புகார் சொன்னார். மாசியில் மகள் பிறந்தாள்.

2015-ல் மறுபடி மூச்சு வாங்கியது, வாசல் 1.1. இடையில் ஊசியில் பல வருஷம் விட்டுப்போயிருந்தது. விட்டதனால்தானா என்று கேட்டால், பலூன் போட்டவர்களில் சிலருக்கு வருஷங்கள் போனால் எப்படியும் சுருங்கத்தான் செய்யும், ஆனால் விட்டிருக்கக்கூடாது என்றார்கள். அந்த முறை தொண்டை வழியாகக் குழாய் விட்டு மேல் அறையில் ரத்தக்கட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் பலூன் போட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்தது, சிகிச்சைக்கு என் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. துடிப்பு தாளம் தப்ப ஆரம்பித்ததால் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க மாதம் ஒரு ஐ.என்.ஆர். டெஸ்ட், அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கவேண்டும். முருங்கைக்கீரையை ஒருநாள் சட்டி நிறைய, அப்புறம் ஒரு மாதம் கிடையாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறி இறங்கும். டெஸ்ட் தேவையில்லாத புது மாத்திரை வந்திருக்கிறதே என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனேன். இந்த ருமாட்டிக் வால்வுக்காரர்களுக்குப் பழைய மாத்திரைதான் நல்லது என்று 2022-லேயே சோதித்துச் சொல்லிவிட்டார்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் பழைய கதை. நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

போன வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது மச்சினன் மகள், 13 வயசு, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி வீக்கம். "விளையாடறப்ப விழுந்திருப்பா" என்றான் மச்சினன். என் வீட்டுக்காரி குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போன வாரம் எங்கடி வலிச்சுது?" என்று கேட்டாள். கணுக்கால் என்றது பிள்ளை. "அதுக்கு முன்னாடி தொண்டை வலிச்சுதா?" ஆமாம் என்றது. அவ்வளவுதான், சாமி கும்பிடக்கூட நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சேலம் இறங்கிவிட்டோம். எக்கோவில் மைட்ரல் வால்வில் லேசான கசிவு. சுருக்கம் இன்னும் வரவில்லை. இந்தக் கட்டத்திலேயே பிடித்து ஊசியை ஒழுங்காகப் போட்டால் வால்வு தேறுவதற்கு வாய்ப்பு நிறைய இருக்கிறது என்றார்கள்.

ஊசி அதே பழைய பென்சாத்தின் பெனிசிலின், 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒன்று. வால்வில் அடி பட்டவர்களுக்குக் குறைந்தது பத்து வருஷம், சிலருக்கு 40 வயது வரை, இன்னும் சிலருக்கு அதற்கு மேலும். இதைத்தான் மலையில் போட ஆள் இல்லை. அந்தப் பிள்ளையின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. பேர் சொல்லவில்லை, அங்கிருப்பவர்கள் நல்ல மனிதர்கள். முதல் தடவை மருந்து ஸ்டாக் இல்லை. இரண்டாவது தடவை நாங்களே வாங்கிக்கொண்டு போனோம், "இந்த ஊசி அலர்ஜி ஆகும்ங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது" என்று நர்ஸம்மா கையை எடுத்துவிட்டார். அவர் பயத்தை நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் சேலத்தில் எங்களுக்குப் போடுகிறவர் முதலில் டெஸ்ட் டோஸ் போடுகிறார், அலர்ஜி வந்தால் உடனே போட அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார், பிள்ளையைப் படுக்கவைத்துப் போட்டு அரைமணி நேரம் உட்காரவைத்து அனுப்புகிறார். பெரிய அலர்ஜி வருவது மிக அபூர்வம் என்கிறார். மலையில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு இதை யாரும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊசியும் சாதாரண ஊசி இல்லை. குப்பியில் வெள்ளைப் பொடி; தண்ணீர் விட்டுக் குலுக்கினால் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஆகும். உடனே போடாவிட்டால் ஊசித் துளையில் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் மறுபடி குத்தவேண்டும். இடுப்பில் மெதுவாகத்தான் ஏற்றவேண்டும். இரண்டு நாள் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காரும். வருஷத்துக்கு 17 தடவை. ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அந்த இடுப்போடு அதே வளைவுகளில் ஏறவேண்டும். "ஒரு ஊசிக்கு நாப்பது ஊசி அத்தை" என்கிறது பிள்ளை. மச்சினனுக்கு அன்றைய கூலி போச்சு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு. சேலத்தில்கூட இரண்டு மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினால்தான் குப்பி கிடைக்கிறது. விலை ரொம்பக் குறைவுங்க, லாபம் இல்லாததால் செய்கிற கம்பெனியும் குறைவு என்றார் ஒரு கடைக்காரர்.

இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வால்வு சுருங்கினால் அரசாங்கம் அட்டையில் பலூன் போட்டுவிடும். அதற்கு ஏற்பாடு இருக்கிறது, அதை அனுபவித்தவன் நான், நன்றி கெட்டுப் பேசவில்லை. சுருங்காமல் தடுக்கிற மருந்துக்குத்தான் மலையில் ஏற்பாடு இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-லிருந்து வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். என் அம்மாவுக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீரும் என்று அந்தப் பெண்ணின் நோட்டில் இருக்கிறது. அதே மாதிரி ஒரு நோட்டு, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அந்த எல்லையில் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளின் பெயரும் அடுத்த ஊசித் தேதியும் எழுதி வைத்தால் போதும். ஏற்காடு மலை முழுக்க எடுத்தாலும் அது தடித்த நோட்டாக இருக்காது. வராத பிள்ளையைத் தேடிப் போக ஓர் ஆள், கையிருப்பில் பத்துக் குப்பி, நர்ஸம்மாக்களுக்கு ஒரு நாள் பயிற்சி. ஊசியை வீட்டில் வந்து போடச் சொல்லவில்லை, அது ஆபத்து. சுகாதார நிலையத்தில் போட்டால் போதும்.

மலையில் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வார்டன்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் அறையில் வரிசையாகப் பாய் போட்டுப் பிள்ளைகள் தூங்குகிற இடம் அது. எல்லாத் தொண்டை வலியும் இந்தக் கிருமி இல்லை, பெரும்பாலும் சாதாரணச் சளிதான். சளி இருமல் இல்லாமல் காய்ச்சலோடு தொண்டை வலித்து, உள்ளே வெள்ளையாகச் சீழ் தெரிந்து, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அனுப்பிவையுங்கள். வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் கொடுத்துவிட்டால் ருமாட்டிக் காய்ச்சலே வராமல் தடுக்கலாமாம். ஒரே ஓர் ஊசி, அல்லது பத்து நாள் மாத்திரை. மாத்திரை என்றால் மூன்றாம் நாள் வலி போய்விட்டது என்று நிறுத்தக்கூடாது. எழுத்துத் திடீரென்று கோணுகிற பிள்ளையை அடிக்காதீர்கள். இதை என் வீட்டுக்காரி தனியாக எழுதச் சொன்னாள்.

பட்டறையில் தினமும் காலையில் வெள்ளி விலையை எழுதுகிற மாதக் காலண்டரில் 21 நாளுக்கு ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறேன். அடுத்தது இந்த மாதம் 17. இப்போதிருந்தே குப்பிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் சேலம் பதிப்பில் போடுங்கள். காலையில் ஏற்காடு ஏறுகிற பஸ்ஸில் போகும் கட்டு அதுதான். என் வீட்டுக்காரியின் பெயர் வரவேண்டாம் என்கிறாள். அதனால் என் பெயரும் வேண்டாம்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.